பச்சை குத்தின இடத்தில் குளிசைத் தூளைக் கொட்டாதீர்கள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கினால் மருந்து கட்டும் அறைக்கு ஒரே மாதிரிக் கைகள் வரத் தொடங்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வேல், மயில், அம்மாவின் பெயர். அதன்மேல் கட்டிபட்டுப்போன மஞ்சள் தூள். ஈரத் துணி வைத்து ஊறவிட்டு அந்தத் தூளை எடுத்தால், கீழே சீழ்.

"கப்சியூலை உடைச்சுப் போட்டனான், கெதியாக் காயட்டும் எண்டு."

இந்தக் கதையை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது? கப்சியூல் விழுங்குவதற்கென்று செய்தது. வயிற்றுக்குப் போய் இரத்தத்தோடு கலந்துதான் அது வேலை செய்யும். புண்ணின் மேல் கொட்டினால், கசிகிற நீரோடு சேர்ந்து சீமெந்துப் பூச்சு மாதிரி இறுகும். வெளியே வரவேண்டிய அழுக்கு உள்ளே நிற்கும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அதனால் நாலு நாள் கழித்துத்தான் வருவீர்கள். சிலருக்கு அந்தத் தூளே ஒவ்வாமையாகி, பிறகு உண்மையாகத் தேவைப்படும்போது அந்த மருந்தைக் கொடுக்கமுடியாமல் போகும். மஞ்சள், திருநீறு, முகப்பவுடர், பற்பசை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது "புண் காயவேணும்" என்ற பிடிவாதம். பச்சை குத்தின தோல் காயக்கூடாது, ஆறவேண்டும். இரண்டும் ஒன்றில்லை. தண்ணீர் வற்றின வயல் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காயவிட்ட பச்சையும் அப்படித்தான். தடித்த அயறு கட்டும், கையை மடக்க வெடிக்கும், கழரும்போது மையையும் கொண்டுபோகும். வேலின் நடுவில் வெள்ளைத் திட்டு விழுவது அதனால்தான், குத்தினவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அதற்காக எண்ணெயில் ஊறவைக்கவும் வேண்டாம். இந்த வெக்கையில் தடிப்பாகப் பூசினால் வியர்வை அடைபட்டுத் தோல் வெந்துபோகும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். சுற்றிவிட்ட சாதாரணப் பொலித்தீனை 2 முதல் 4 மணித்தியாலத்துக்குள் எடுங்கள். வவுனியாவில் குத்திக்கொண்டு ஏ9 வீதியால் பஸ்ஸில் முல்லைத்தீவு போய், இரவு அப்படியே படுத்தெழும்புவது கூடாது. ஒட்டியிருந்தால் இழுக்காமல் நனைத்துக் கழற்றுங்கள். (ஒட்டும் வகைப் படலம் வேறு. குத்தினவர் சொன்னால் 3 முதல் 5 நாள் வைக்கலாம், ஓரத்தால் நீர் கசிந்தால் அன்றே கழற்ற வேண்டும்.) முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். பிறகு வாசமில்லாத மென்மையான சவர்க்காரத்தை நுரைத்து விரல் நுனியால் தடவி, தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் வேண்டாம். வீட்டில் எல்லாரும் துடைக்கிற துவாயும் வேண்டாம், சுத்தமான டிசு ஒன்றை வைத்து ஒற்றி எடுங்கள். உள்ளங்கையளவு இடத்துக்கு ஒரு பட்டாணி அளவு வாசனையில்லாத கிறீம் போதும். பூசியபின் மினுங்கினால் கூடிப்போச்சு. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை செய்யுங்கள். படர்தாமரைக்கு வாங்கி மிஞ்சின ஸ்டீரோயிட் கிறீமைத் தொடவும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். திறந்த கிணற்றுத் தண்ணீரென்றால், முதல் ஒரு கிழமையாவது கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கழுவுங்கள். குளம், வாய்க்கால், நந்திக்கடல், முல்லைத்தீவுக் கடல் எல்லாம் 3 கிழமைக்குத் தள்ளி. 2017இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று: 31 வயதுக்காரர், ஈரல் ஏற்கெனவே பழுது. காலில் பச்சை குத்தி 5ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்தினார். கடல்நீர்க் கிருமி ஏறி, சுமார் இரண்டு மாதத்தில் இறந்துபோனார். தினமும் குடிக்கிறவர்கள் இதை இரண்டுதரம் வாசியுங்கள்.

வயல்காரருக்கும் இதுதான். எலிக்காய்ச்சல் உங்களுக்குத் தெரியும். அதே சேற்றில் மெலியோய்டோசிஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது, நீரிழிவுக்காரரை உயிராபத்துவரை கொண்டுபோகும். நீங்கள் உடைத்துக் கொட்டுகிற அமொக்சிசிலின் கப்சியூலுக்கு அந்தக் கிருமி அசையாது. காலபோக விதைப்புக்கு இறங்க முன்னமோ காவடி எடுக்க முன்னமோ 3 கிழமை இடைவெளி இல்லையென்றால், பச்சையைப் பிறகு குத்துங்கள். வேல் எங்கேயும் ஓடிப்போகாது.

4ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள்வரை கடிக்கும். சொறியவும் உரிக்கவும் வேண்டாம், மெதுவாகத் தட்டுங்கள். நிறத்தோடு செதில் உதிர்வது வழமை. மோட்டார்சைக்கிளில் போனால் தொளதொளப்பான நீளக்கைச் சட்டை போடுங்கள். ஆறும்வரை வெயில் கிறீமும் பூசவேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் நோவும் இருக்கும், பிறகு குறையவேண்டும். சந்தேகமென்றால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் கோடு கீறுங்கள். சில மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். சீழ், மணம், காய்ச்சல், கமக்கட்டில் நெறி, மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு எதுவென்றாலும் அன்றைக்கே வரவேண்டும். பச்சையில் சாம்பல் நிறமாக நிழல் தீட்டின இடத்தில் மட்டும் சில கிழமை கழித்துச் சிறு கட்டிகள் வந்தால், கறுப்பு மையில் குழாய்த் தண்ணீர் கலந்திருக்கலாம். அது வேறு வகைக் கிருமி, வழமையான மருந்துக்கு மாறாது.

தம்பி, தங்கச்சி, வந்து "சைக்கிளால விழுந்தது" என்று சொல்லவேண்டாம். அம்மாவுக்கு முன்னால் சொல்ல ஏலாதென்றால் அவவை வெளியே இருக்கச் சொல்லுவம். எந்தக் கிழமை குத்தினது, எந்தத் தண்ணீரில் கழுவினது, மேலே என்னென்ன கொட்டினது என்று சொல்லுங்கள். அந்தக் கிறீம் குழாயையும் கையோடு கொண்டுவாங்கோ.