வெள்ளைக் கட்டை மட்டும் வந்தால் சி மேஜரா?

மயிலாப்பூரில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். போன ஆண்டு விழா ஒத்திகையில் நானே சறுக்கிய கதை இது. பாட்டு வகுப்புக்கும் போகிற ஒரு பெண், டி-யை ஸட்ஜமாக (ஸ) வைத்து கரகரப்ரியா ராகத்தில் ஒரு மெட்டு வாசித்தாள். கறுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லை. கிதார் தம்பி, "என்ன கீ சார்?" என்றான். "எல்லாம் வெள்ளைக் கட்டைதானே, சி மேஜர் போடுப்பா" என்றேன்.

அவன் சி, எஃப், ஜி என்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போட்டான். மெட்டு டி-யில் வந்து உட்காரும்போதெல்லாம் கார்டு வேறெங்கோ நின்றது. அவள் வாசிப்பை நிறுத்திவிட்டு, "சார், அண்ணா வேற ஸ வச்சிருக்காங்க" என்றாள்.

கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஷார்ப், ஃப்ளாட் (சுரத்தை அரைப்படி ஏற்றும், இறக்கும் குறிகள்) இல்லையென்றால் சி மேஜர் அல்லது ஏ மைனர் என்று எழுதிவிடுகிறார்கள். அதே ஏழு சுரங்களில் எதை ஸ-வாக வைக்கிறோம் என்பதுதான் மோடு. சி-யிலிருந்து வாசித்தால் அயோனியன், நம் சங்கராபரணம். டி-யிலிருந்து டோரியன், கரகரப்ரியா. இ தோடி, எஃப் கல்யாணி, ஜி ஹரிகாம்போஜி, ஏ நடபைரவி. ஸ-வை வேறு சுரத்துக்கு மாற்றி வேறு ராகம் காட்டும் கிரஹபேதம் தெரிந்தவர்களுக்கு இது பழைய கதைதான். பி-யில் தொடங்கினால் பஞ்சமம் கிடைக்காது. அதனால் லோக்ரியன் என்ற அந்த மோடுக்கு, நம் 72 மேளத்தில் (தாய் ராகங்களில்) இடமில்லை. (ராகம் என்பது வெறும் ஸ்கேல் இல்லை, கமகம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். இங்கே சுரக்கணக்கு மட்டும் பேசுகிறேன்.)

டி மைனர் ஸ்கேலில் பி ஃப்ளாட் வரும்; டோரியனில் பி அப்படியே நிற்கும். அந்த ஒரு தைவதம்தான் வித்தியாசம். அதனால் டி மைனர், பி உள்ள ஜி மேஜர் என்று இரண்டே கார்டுக்கு மாற்றினோம். மெட்டு சரியாக உட்கார்ந்தது.

சந்தேகம் வந்தால் இடது கையில் ஒரு கட்டையைச் சுருதி போல அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டை வாசியுங்கள். எந்தக் கட்டையோடு அது நிம்மதியாக முடிகிறதோ, அதுதான் ஸ.

சரி, சுருதியை 1 கட்டையிலிருந்து (சி) 5 கட்டைக்கு (ஜி) மாற்றினால் ராகம் மாறுமா என்று பெற்றோர் கேட்பார்கள். மாறாது. கீ மட்டும்தான் சி-யிலிருந்து ஜி-க்குப் போகிறது, மோடு அதேதான். ஆனால் வீட்டில் ட்ரான்ஸ்போஸை (கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் பட்டன்) மைனஸ் 5-இல் வைத்துப் பழகும் பிள்ளைகள், ஜி ஒலிப்பதை சி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். யார் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டனைத்தான்.