டொமைன் பெயருக்குள் ஊரையே அடைக்காதீர்கள்

போன வாரம் வடசென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், புதிதாக அச்சடித்து வந்த கட்டைப்பை ஒன்றை என் முன்னால் விரித்துக் காட்டினார். கடைப் பெயரைவிட வெப்சைட் முகவரிதான் அதில் பெரிது. பெஸ்ட், ஒரு கோடு, லோ, ஒரு கோடு, பிரைஸ், ஒரு கோடு, சில்க், ஒரு கோடு, சாரீஸ், ஒரு கோடு, வாஷர்மேன்பேட், ஒரு கோடு, சென்னை, டாட் காம். ஒரு வரியில் அடங்காமல் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. "பேர்லயே எல்லாம் இருந்தா கூகுள்ல ஃபர்ஸ்ட் வரும்னு சொன்னாங்க தம்பி. வருஷம் ஆச்சு, வரலையே?" என்றார்.

தண்டையார்பேட்டையில் டியூஷன் சென்டர் நடத்துபவர், மூலக்கடையில் ஏசி சர்வீஸ் செய்பவர், ராயபுரத்தில் கேட்டரிங் எடுப்பவர் என்று ஆளாளுக்கு இதே கேள்வி. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பினால் போதும்.

டொமைன் பெயரில், அதாவது வெப்சைட் முகவரியில், மக்கள் தேடும் சொல்லான கீவேர்டைத் திணிப்பதால் மட்டும் கூகுளில் மேலே வர முடியாது. ஒரு காலத்தில் வந்தது, மறுக்கவில்லை. மக்கள் தேடும் வாக்கியத்தையே பெயராக வாங்கி, உள்ளே நாலு வரி ஒப்புக்கு எழுதிப் போட்டவர்கள் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2012 செப்டம்பர் கடைசியில், அப்போது கூகுளில் குறுக்குவழியில் மேலே வரும் தளங்களைத் தடுக்கும் வெப்ஸ்பேம் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த மேட் கட்ஸ், இப்படிப்பட்ட தரமற்ற தளங்களைக் கீழே இறக்கும் மாற்றம் வருவதாக அறிவித்தார். அதற்குப் பிறகு இவ்வளவு வருடம் ஓடிவிட்டது. நம் ஊரில் வெப்சைட் விற்பவர்கள் சிலருக்கு மட்டும் இன்னும் அந்தச் சேதி வந்து சேரவில்லை.

என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலையான எஸ்.இ.ஓ. பற்றி, கூகுளே எழுதி இலவசமாக வைத்திருக்கும் தொடக்க வழிகாட்டியைப் படியுங்கள். டொமைன் பெயரிலோ முகவரியின் மற்றப் பகுதியிலோ கீவேர்டு இருப்பதால் மட்டும் பெரிதாக எந்தப் பலனும் கிடையாது என்று அதில் நேரடியாகவே போட்டிருக்கிறார்கள். டாட் காமா, டாட் இன்னா என்ற கவலைக்கும் அங்கேயே பதில் இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு நாட்டு மக்களைக் குறிவைத்தால் கொஞ்சம் உதவும், அதுவும் சின்ன அளவில்தான்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "இன்னொரு கடைக்காரர் பேர்லயும் கீவேர்டுதானே இருக்கு, அவர் மட்டும் எப்படி மேல வர்றாரு?" அந்தத் தளம் எத்தனை வருடமாக இருக்கிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள், எத்தனை பேர் அதற்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பார். நம் கண்ணில் படுவது பெயர் மட்டும்தான் என்பதால், பெயரால்தான் வந்தது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அதே மாதிரி நீளப் பெயரை வைத்துக்கொண்டு பத்தாவது பக்கத்தில் கிடக்கிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்று. வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு 'பட்டுப்புடவை கடை' என்று தேடுகிறவருக்குப் பெரும்பாலும் முதலில் தெரிவது மேப். தேடியதற்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் வைத்துத்தான் கூகுள் அந்த வரிசையைப் போடுகிறது. அதற்கு, மேப்பில் கடை விவரத்தைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக நிரப்ப வேண்டும், காசே கட்ட வேண்டாம். நேரம், போட்டோ, போன் நம்பர், வாடிக்கையாளர் ரிவ்யூ. இதில் ஒன்றையும் செய்யாமல் டொமைனில் மட்டும் ஊர்ப் பெயரைத் திணித்தால் என்ன நடக்கும்? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் மேப்பிலும் கடைப் பெயரோடு 'லோ பிரைஸ் சாரீஸ்' என்று ஒட்டவைக்கிறார்கள். அது விதிமீறல். புகார் போனால் புரொஃபைலையே முடக்கினாலும் முடக்கிவிடுவார்கள்.

என்ன தேடித் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலை, அந்த ஜவுளிக்கடைக்காரர் கண் முன்னாலேயே திறந்தேன். என்ன தேடி உள்ளே வந்திருக்கிறார்கள் தெரியுமா? கடைப் பெயர். கடைப் பெயரின் தப்பான ஸ்பெல்லிங். கடைப் பெயரோடு எம்.சி. ரோடு. அப்பா காலத்திலிருந்து சம்பாதித்த பெயர் அது. அதை டொமைனில் எங்குமே காணோம்!

ஊர்ப் பெயரைச் சேர்ப்பதில் நம் வடசென்னைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வாஷர்மேன்பேட்டா, வாஷர்மென்பேட்டா, வண்ணாரப்பேட்டையா? ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். தமிழ்நாட்டில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிய அரசாணை 2020 ஜூனில் வெளியே தெரிந்தது, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கமே நிலைநிறுத்த முடியாத ஸ்பெல்லிங்கை நீங்கள் பையில் அச்சடிக்கப் போகிறீர்களா? நாளைக்கு பெரம்பூரில் கிளை திறந்தால் அப்போது என்ன செய்வீர்கள்?

நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். பெயரை போனில் ஒரே ஒரு முறை சொல்லுங்கள், எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் எழுதுகிறாரா பாருங்கள். நமக்குத் தெரிந்தவரிடம் வேண்டாம், சரக்கு அனுப்பும் சூரத் பார்ட்டியிடம் சொல்லிப் பாருங்கள். கோடு, எண், ஒரே எழுத்து இரண்டு முறை வருவது எல்லாம் அங்கேதான் உதை வாங்கும். ழகரம் வரும் பெயர் என்றால் இசட் எச் போடுவதா எல் போடுவதா என்று குழப்பம் வரும், முடிந்தால் இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். மெயில் ஐடியும் இதே பெயரில்தான் இருக்கும், மறக்காதீர்கள். பில் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்த கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவதும் கஷ்டம். 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு அங்கே குறுக்கே நிற்கும். தனித்துவமான பெயர் என்றால் நிலைமையே வேறு. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த நம் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி 2009இல் சோஹோ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அந்த நாலு எழுத்து ஆங்கிலப் பெயரில் சாஃப்ட்வேர் என்ற சொல் எங்கே இருக்கிறது?

சரி, பெயரை விடுங்கள். அது யார் பெயரில் இருக்கிறது? இதைக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். "வெப்சைட் பண்ணின பையன்கிட்ட இருக்குங்க." அந்தப் பையன் போன் நம்பரை மாற்றிவிட்டால்? கடைக்கு வாடகை ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், டொமைனை மட்டும் முகம் தெரியாதவர் கணக்கில் விட்டுவைக்கிறார்கள். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். டெவலப்பர் மெயில் வேண்டாம், வேலையை விட்டுப் போன மேனேஜர் மெயிலும் வேண்டாம். இதையாவது தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

முதல் வருடம் 99 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து டாட் காமுக்குப் பதிலாக விசித்திரமான எக்ஸ்டென்ஷன் வாங்குபவர்கள், இரண்டாம் வருட விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். டாட் காம் காலாவதியானால் சில நாள் வழக்கமான விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள், எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதையும் தாண்டி நீக்கப்பட்டுவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதற்கப்புறம் 5 நாள், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வாங்குகிறார்கள். பையில் இருக்கும் க்யூ ஆர் கோடை ஸ்கேன் செய்தால் சூதாட்டத் தளம் திறந்தாலும் திறக்கும். அப்புறம் பையை யார் திரும்ப வாங்குவது?

இந்தக் காரணத்தால்தான், புதுப் பெயருக்கு மாறும்போது பழையதைக் கைவிட வேண்டாம் என்று ஜவுளிக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301, அதாவது நிரந்தரத் திருப்பல், போட்டுத் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். கட்டைப்பை ஊரெல்லாம் சுற்றுகிறதே, அதனால் பழைய டொமைனை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே இருங்கள் என்பேன் நான்.

அப்புறம், புது டொமைன் வாங்கியதும் சீனாவிலிருந்து ஒரு மெயில் வரலாம். உங்கள் பெயரை அங்கே யாரோ பதிவு செய்யப் போகிறார்கள், உடனே பதில் போடுங்கள் என்று. பழைய ஏமாற்று அது. பதிலும் போடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள்.