அமிலத்தைக் கூட்டினால் போதுமா? பாலிமர் சவ்வும் புரோட்டானின் வழியும்

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கான பாலிமர் சவ்வில் புரோட்டான் கடத்துத்திறன் குறைவாக வந்தால், புரோட்டானைத் தரும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைக் கூட்டிப் பார்ப்பதே பலருக்கும் முதலில் தோன்றும். அறை வெப்பநிலையில் எண் அழகாக ஏறும். அதே சவ்வை 80 டிகிரி வெந்நீரில் போட்டால் ஊதிக் கொழகொழத்து, இடுக்கியில் எடுக்கும்போதே கிழியும். அமிலம் இருந்தால் மட்டும் புரோட்டான் நகராது. அதற்கு அறுபடாத நீர்வழி வேண்டும்.

இந்தக் கலங்களில் பரவலாகப் பயன்படும் நாஃபியான் என்ற பாலிமரை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகெலும்பு, அதாவது முதன்மைச் சங்கிலி, டெஃப்லான் போல நீரை ஒதுக்குவது; பக்கச் சங்கிலிகளின் நுனியில் நீரை விரும்பும் சல்ஃபோனிக் அமிலம். ஒன்றோடொன்று சேராத இந்த இரண்டும் தனித்தனியே ஒதுங்குவதால் உள்ளே நானோ அளவில் நீர்வழிகள் உருவாகின்றன. 4 நானோமீட்டர் கொத்துகளை 1 நானோமீட்டர் கால்வாய்கள் இணைக்கின்றன என்பது ஆய்வாளர் கியர்க்கே முன்வைத்த பழைய படம். சுமார் 2.4 நானோமீட்டர் விட்டமுள்ள இணை உருளைகள் என்றனர் ஷ்மிட்-ரோரும் சென்னும், 2008இல். எந்தப் படத்தை ஏற்றாலும் வழி தொடர்ந்திருப்பதுதான் முக்கியம்.

சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் சேர்த்த (சல்ஃபோனேற்றிய) பாலிஈதர் ஈதர் கீட்டோன் என்ற மாற்றுப் பாலிமரில் இந்தப் பிரிவு இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. முதுகெலும்பு நீரை அந்த அளவுக்கு ஒதுக்காது, அமிலமும் வலுக் குறைந்தது. கால்வாய்கள் குறுகி, கிளைத்து, பல இடங்களில் முட்டுச்சந்தாக முடிகின்றன. நன்றாக நனைந்திருக்கும்போது இந்தக் குறை தெரியாது; ஈரப்பதம் குறைந்ததும் கடத்துத்திறன் சரிந்துவிடும்.

ஈரத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாஃபியானில் ஒரு சல்ஃபோனேட்டுக்கு (புரோட்டானை விட்ட அமிலத் தொகுதிக்கு) நிறைவுற்ற நீராவியில் சுமார் 14 நீர் மூலக்கூறுகள், திரவ நீரில் சுமார் 22. 30 டிகிரியில் 14 இருக்கும்போது கடத்துத்திறன் ஏறக்குறைய 0.07 சீமென்ஸ்/செ.மீ.; 3 ஆகக் குறைந்தால் 0.01 அளவுக்கு இறங்கும். நீர் போதிய அளவு இருந்தால் புரோட்டான் மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவும். வறண்டால் சல்ஃபோனேட்டின் பிடியிலேயே நின்றுவிடும். ஆகவே ஈரப்பதம் குறிப்பிடாத கடத்துத்திறன் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கட்டமைப்பு கெடுவது பெரும்பாலும் வார்ப்பில், அதாவது கரைசலை ஊற்றி உலர்த்திச் சவ்வாக்கும்போது. நாஃபியான் ஆல்கஹால் கரைசலை அறை வெப்பத்தில் உலர்த்தினால் வெடித்து நொறுங்கும் படலமே கிடைக்கும். அது மீண்டும் கரைந்தும் போகும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற உயர் கொதிநிலைக் கரைப்பான் சேர்த்து 140 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் சங்கிலிகள் ஒழுங்காகி, படிகப் பகுதிகள் சவ்வைப் பிடித்து நிறுத்தும். கீட்டோன் பாலிமருக்கு டைமெத்தில் ஃபார்மமைடு பயன்படுத்துவோர் கவனிக்க: சல்ஃபோனேற்றத்தில் மீந்த கந்தக அமிலத்தோடு அது சூடானால் டைமெத்தில் அமீன் உண்டாகி, அமிலத் தொகுதிகளைக் கட்டிப்போடும். கழுவிய நீர் நடுநிலை காட்டும்வரை பாலிமரைக் கழுவுங்கள்.

பயன்படுத்தும் முன் சவ்வைத் தயார்செய்யும் வரிசை: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, அயனி நீக்கிய நீர், 0.5 மோலார் கந்தக அமிலம், மீண்டும் நீர். ஒவ்வொன்றிலும் 80 டிகிரியில் 1 மணி நேரம். குழாய் நீரும் இரும்பு இடுக்கியும் வேண்டாம். ஒரு கால்சியம் அயனி இரண்டு அமில இடங்களை அடைக்கும். இரும்பு இன்னும் மோசம், பெராக்சைடுடன் சேர்ந்து பாலிமரையே அறுக்கும் தனியுறுப்புகளை (தீவிரமாக வினைபுரியும் துணுக்குகளை) உண்டாக்கும்.

அளவீட்டில் அதிகம் நடக்கும் பிழை, உலர்ந்த தடிமனைக் கணக்கில் போடுவது. நனைந்த சவ்வின் தடிமனையே எடுங்கள். 0.1 சீமென்ஸ்/செ.மீ. கடத்தும் 183 மைக்ரோமீட்டர் சவ்வு, ஒரு சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் ஓடும்போது 0.18 வோல்ட்டைத் தின்றுவிடும். 50 மைக்ரோமீட்டரில் அது 0.05 வோல்ட்தான். நான்கு முனை அளவி பெரும்பாலும் சவ்வின் தளவாக்கில் அளக்கிறது. கலத்திலோ புரோட்டான் தடிமன் வழியே கடக்கிறது. வலுவூட்டிய சவ்வுகளிலும் ஒரே திசையில் அடுக்கிய இழைச் சவ்வுகளிலும் இந்த இரண்டு மதிப்புகளும் வேறுபடும் என்பதால், அவற்றைத் தடிமன் வழியாகவும் அளந்தே ஆக வேண்டும்.