என்சிசி ‘சி’ சான்றிதழ் கைநழுவிப் போகும் இடங்கள்

கல்லூரி மாணவர்களுக்குத் தலைமைப் பண்பும் கட்டுப்பாடும் பழக்க அரசு நடத்தும் பயிற்சி என்சிசி (தேசிய மாணவர் படை). 1948இல் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வரலாறு இவ்வளவு போதும். விடியற்காலையில் எழுந்து மூன்று வருடம் பரேடுக்கு ஓடிய பிள்ளைகள், கடைசியில் ஒரு தாளுக்காக அலைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், சேரும் வருடம். கல்லூரி என்சிசியில் முதலில் ‘பி’ சான்றிதழ், அதற்கு மேல் ‘சி’. ‘சி’க்கு மூன்று வருடப் பயிற்சி வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்பே மூன்று வருடம்தான். “செகண்ட் இயரில் சேர்ந்துக்கலாம்” என்று சீனியர் சொன்னால் கேட்காதீர்கள். அப்போது சேர்ந்தால் ‘பி’யோடு நின்றுவிடும். ‘பி’ தேறாமல் ‘சி’ தேர்வுக்கு உட்காரவும் முடியாது. பொறியியலில் நான்கு வருடம் என்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அடுத்தது வருகை. 75 சதவீதம் வேண்டும். நீங்கள் மைதானத்தில் நின்றது கணக்கில்லை, பதிவேட்டில் ஏறியதுதான் கணக்கு. மாதம் ஒருமுறை உங்கள் ஏஎன்ஓவிடம் (என்சிசி பொறுப்பாசிரியர்) பணிவாகக் கேட்டு உங்கள் கணக்கைப் பார்த்துவிடுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு, “பேர் லிஸ்டில் இல்லையே” என்றால் யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

கேம்ப் போகாமலும் சான்றிதழ் கிடையாது. பத்து நாள் கேம்ப் பெரும்பாலும் இன்டர்னல் தேர்வோடு மோதும். நான் அறிந்த ஒரு மாணவி கேம்ப் முடித்துத் திரும்பியபோது இரண்டு பாடத்தில் இன்டர்னல் பூஜ்யம். துறைத்தலைவர் “எனக்கு லெட்டர் வரலை” என்றார், ஆபீசில் “அனுப்பிட்டோம்” என்றார்கள். அவள் மதிப்பெண் திரும்பவே இல்லை. அதனால் கிளம்பும் முன்பே ‘ஆன் டியூட்டி’ (ஓ.டி.) கடிதத்தை நீங்களே துறைத்தலைவரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம் சிக்குகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, என்சிசி படிவத்தில் இனிஷியல் முன்னால். மூன்றும் மூன்று ஆள் போலத் தெரியும். சேரும் படிவத்திலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, எழுதுங்கள். பிறந்த தேதியும் அப்படியே.

‘சி’ கையில் இருந்தால் என்ன பயன்? தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் என்சிசிக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. ராணுவத்தில் என்சிசி சிறப்பு நுழைவு வழியாக எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பி (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்குப் போகலாம்; தேர்வானால் நம் சென்னை பரங்கிமலையிலேயே பயிற்சி. ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சி’ பாஸ் மட்டும் போதாது, அந்த ‘சி’ தேர்விலேயே குறைந்தது ‘பி’ கிரேடு வேண்டும். பட்டத்தில் மொத்தம் 50 சதவீதமும் வேண்டும். கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பித்தால், அதற்கு முந்தைய வருடங்களில் 50 சதவீதம் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பரேடு, கேம்ப் என்று ஓடிப் படிப்பைக் கோட்டை விட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

அப்புறம் சான்றிதழ் வாங்கும் படலம். தேர்வு முடிந்து சான்றிதழ் கல்லூரிக்கு வருவதற்குள் நீங்கள் டிசி வாங்கிப் போயிருப்பீர்கள். கல்லூரியில் கேட்டால் “பட்டாலியனில் (உங்கள் கல்லூரி என்சிசிக்கு மேலே உள்ள படைப்பிரிவு அலுவலகம்) கேளுங்க”, பட்டாலியனில் கேட்டால் “காலேஜ் வழியா வாங்க”. டிசி வாங்கும் நாளிலேயே உங்கள் பதிவு எண், பட்டாலியன் பெயர், தேர்வு எழுதிய தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு அலையாமல் பட்டாலியன் தலைமை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, சான்றிதழ் எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.