ஏகாதிபத்தியம்: வார்த்தை எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படி சொல்றது?

செவுத்துல "ஏகாதிபத்தியம் ஒழிக"ன்னு சிவப்பு பெயிண்ட்ல எழுதியிருக்கறத படிச்சே வளர்ந்தவங்க நம்மள்ல நிறைய பேரு, ஆனா அந்த சொல்லை பிரிக்க சொன்னா ஏக + ஆதி + பத்தியம்னு பிரிச்சிடறாங்க, அதுல ஆதியும் கிடையாது பத்தியமும் கிடையாது. உள்ள இருக்கறது அதிபதி. பண்டிதன்லேர்ந்து பாண்டித்யம் வர்ற மாதிரி அதிபதிலேர்ந்து ஆதிபத்யம், முன்னாடி ஏக சேந்தா ஏகாதிபத்தியம், முழுக்க சமஸ்கிருதம். ஜாதகம் பாக்கறவங்க கேந்திராதிபத்திய தோஷம்னு சொல்வாங்களே, அதே ஆதிபத்தியம்தான்.

அப்போ நேரடி அர்த்தம், பங்குக்கு ஆளே இல்லாம ஒருத்தரே ஆளறது. மலையாளத்துல இன்னும் அப்படித்தான், ஹிட்லரை ஏகாதிபதின்னு எழுதுவாங்க, நாம சர்வாதிகாரிங்கறோம். சிங்களத்துலயும் ஏகாதிபதின்னா சர்வாதிகாரிதான். நம்ம பக்கம் இந்த சொல்லு இடதுசாரி எழுத்து வழியா ஒரு நாடு இன்னொரு நாட்டை அமுக்கி சுரண்டறதுக்கு பேராயிடுச்சு, லெனின் 1916ல எழுதின இம்பீரியலிசம் புத்தகத்தையும் தமிழ்ல ஏகாதிபத்தியம்னுதான் சொல்றோம். அந்த இம்பீரியலிசத்தோட வேர் லத்தீன் இம்பீரியம், அது மொதல்ல நாட்டை குறிக்கல, ரோம்ல பெரிய பதவில இருந்தவங்களுக்கு இருந்த ஆணையிடற உரிமை, அப்புறம்தான் அந்த ஆணை செல்லுபடியாகற நிலத்துக்கும் அதே பேரு வந்துச்சு.

சரி, தமிழ்ல? "உண்பது நாழி உடுப்பவை இரண்டே" எல்லாருக்கும் தெரியும், புறநானூறு 189, நக்கீரர் பாட்டு. அதோட தொடக்கத்தை பாருங்க: "தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி வெண்குடை நிழற்றிய ஒருமையோர்". கடல் சூழ்ந்த நிலத்தை வேற யாருக்கும் பொதுவா விடாம தன் ஒரே குடைக்கு கீழ வச்சு ஆண்டவங்க. ஏகாதிபதிக்கு இதைவிட சரியான தமிழ் எனக்கு தெரியல, ஏகத்துக்கு நேரா ஒருமையே வந்து உக்காந்திருக்கு பாருங்க! இன்னைக்கு ஒருமைன்னா இலக்கணம்தான் ஞாபகம் வரும்கறதால ஏகாதிபத்தியத்தோட பழைய அர்த்தத்துக்கு தனியாட்சின்னு சொல்லலாம்.

இம்பீரியலிசத்துக்கு வல்லாதிக்கம்னு எழுதறவங்க இருக்காங்க, நல்லா இருக்கு, ஆனா ஆதிக்கமும் "அதிகம்"ங்கற சொல்லு பொறந்த அதே சமஸ்கிருத வேர்லேர்ந்து வந்ததுதான். தனித்தமிழ்தான் வேணும்னா பேரரசுலேர்ந்து பேரரசியம்னு ஆக்கிக்கலாம், என் ஓட்டு அதுக்குத்தான்.