லண்டன் பழைய வீடுகளில் முகப்புச் சுவரின் பின்புறம்

"முன்சுவர் லேசாகப் புடைத்திருக்கிறது, சிமென்ட் வைத்துப் பூசிவிடலாமா?" லண்டனில் பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளராகிய நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவரின் வீடு பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டினது: இருபுறமும் பொதுச்சுவர்களைப் பகிர்ந்துகொண்டு, நிலவறைக்கு மேல் மூன்று நான்கு தளங்களாக எழும்பி, தெருவுக்கு ஒழுங்கான சன்னல் வரிசையைக் காட்டி நிற்கும் ஒடுங்கிய செங்கல் வீடு.

அந்த ஒழுங்கில் பாதி, தீயைப் பற்றிய பயம். 1666இன் பெருந்தீக்குப் பிறகு வந்த 1667ஆம் ஆண்டுச் சட்டம் நகருக்குள் வெளிச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டச் சொன்னது. 1709இல் மரத்தாலான சன்னல் நிலைகளைச் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்றார்கள். 1774இல் நிலையின் பெட்டியையே, அதாவது மேலும் கீழும் நகரும் சன்னலின் எடைக்குண்டுகள் தொங்கும் மரக்கூட்டையே, செங்கல்லுக்குப் பின்னே மறைக்கச் செய்தார்கள். ஆகவே சன்னலைப் பார்த்தே வீட்டின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். (ஓரளவுதான், புதிய முறை எல்லாத் தெருக்களையும் ஒரே நாளில் எட்டிவிடவில்லை.)

சட்டத்தின் கண்ணுக்கு எட்டாதது சுவரின் உட்புறம். குத்தகை நிலத்தில், விற்பதற்காகவே வரிசை வரிசையாகக் கட்டியவர்கள், விலை கூடிய நேர்த்தியான செங்கல்லை முகத்துக்கும் மலிவான செங்கல்லை அதே சுவரின் உள்ளடுக்குக்கும் வைத்தார்கள். முகப்பில் சாந்து இழை மெலிது, பின்னால் தடிப்பு. அதனால் இரண்டின் வரிகளும் ஒரே மட்டத்தில் சேரவில்லை. குறுக்காக உள்ளே சென்று இரண்டையும் பிணைக்க வேண்டிய கற்களைப் பாதியாக உடைத்து, முகம் மட்டும் தெரியும்படி பதித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. உண்மையில் நான்கு அங்குலத் தோல் ஒன்று ஏறக்குறையத் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

நான் சோதித்த ஒரு வீட்டில் இரண்டாம் தளத்துச் சன்னலுக்கு அருகே தளர்ந்த கல் ஒன்றை உருவினேன். அரைக்கல்தான் கையோடு வந்தது. அதன் பின்னே ஒரு விரல் இடைவெளி, அதற்கும் பின்னே சுவரை இறுக்குவதற்காக அந்நாளில் நீளவாக்கில் புதைத்த மரக்கட்டை. திருப்புளியை அழுத்தியதும் பிடி வரை இறங்கிவிட்டது. முன்பு யாரோ இழைகளைச் சிமென்ட்டால் அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்து வழியாக ஈரம் வெளியேறும். சிமென்ட் அதை மறிக்க, ஓதம் உள்ளேயே தங்கி மரத்தை இற்றுப்போகச் செய்யும், உறைபனியில் செங்கல்லின் முகத்தையும் உரித்துவிடும்.

எனவே பூசுவதற்கு முன் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், சுவரைத் தட்டி வெற்றொலி வருகிறதா என்று கேளுங்கள், முன்சுவரும் பொதுச்சுவரும் சந்திக்கும் மூலையில் உள்ளிருந்து விரிசலைத் தேடுங்கள். அசையாமல் நிற்கும் பழைய புடைப்பைப் பல நேரம் கண்காணித்தாலே போதும். அசைந்தால், துருப்பிடிக்காத எஃகுப் பிணைப்புகளால் இரு தோல்களையும் தைத்துவிட முடியும். உள்ளே இருக்கும் மரத் தடுப்புச்சுவரையும் வெறும் மறைப்பென்று எண்ணி அகற்றிவிடாதீர்கள், மேல்தளத்தின் பாரம் பல வீடுகளில் அதன் மேல்தான் இறங்குகிறது.

பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் உள்ள வீடானால், அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை, உட்புறத்தில் செய்தாலும், அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் செய்ததைச் சரிசெய்யச் சொல்லும் அறிவிப்பு இப்போதைய உரிமையாளருக்கே வரலாம் என்பதால், வாங்குவதற்கு முன்பே அந்த அனுமதிக் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள்.