கொப்பிக்கு முன் காது: வயலின் வகுப்பில் பெற்றோர் கவனிக்க வேண்டியது

"கர்நாடக முறையா, மேற்கத்திய முறையா, எதில் விடலாம் டீச்சர்?" இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டும் நல்ல முறைகளே. பிள்ளை காதால் படிக்கிறதா, கொப்பியைப் பார்த்துப் படிக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன்.

கர்நாடக முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் தாங்குகிறோம். இடக்கை தாராளமாக நகரும், கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வரும். மேற்கத்திய முறையில் தாடைக்கடியில் பிடிப்பார்கள். தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பதும் வேறு. ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டையும் கலக்க வேண்டாம்.

நம் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. ச-ரி-க-ம எடுக்கும் அதே விரல் இடைவெளிதான் அடுத்த தந்தியில் ப-த-நி-ச எடுக்கவும். ஒரு தந்தியில் பழகிய கை மற்றதற்கும் பழகிவிடும். ஆனால் கற்றுக்கொடுக்கும் வழியைப் பார்த்தால் இரண்டு முறைகளும் நெருக்கம். ஜப்பானிய வயலின் ஆசிரியரான ஷினிச்சி சுசுகி (1898–1998) பிள்ளைகள் தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசப் பழகுவதை வைத்துத் தன் முறையை அமைத்தார். முதலில் காதால் கேட்பது, பிறகுதான் எழுதிய சுரக் குறியீடு. நம் குருமார் வாயால் பாடவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் இதே வழிதான்.

சுசுகி முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் அம்மாவுக்கு அது எப்படி முடியும்? அதனால் அன்றைய பாடத்தைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரவில் பிள்ளை கேட்டாலே போதும்.

கெடுதல் எங்கே என்றால், இசைப் பரீட்சை அவசரத்தில். விரற்பலகையில் (தந்தியை விரலால் அழுத்தும் பலகை) ஸ்டிக்கர் ஒட்டி, கொப்பியில் சுரம் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். பிள்ளையின் கண் ஸ்டிக்கரிலேயே இருக்கும்; வில் மெல்ல விரற்பலகைப் பக்கம் வழுக்கி, நாதம் மெலியும். சுரம் தப்பினாலும் அதற்குத் தெரியாது. ஸ்டிக்கரைக் கழற்றியதும் கை தடுமாறும்.

இன்னொன்று, "வளர்ந்தாலும் உதவும்" என்று சின்னப் பிள்ளைக்கு முழு அளவு வயலின் வாங்காதீர்கள். கால், அரை, முக்கால் அளவுகள் இருக்கின்றன. நம் ஊர் ஈரத்தில் பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) ஊதி இறுகும், பலமாகத் திருகினால் தந்தி அறும். வாசித்து முடிந்ததும் வில்லைத் தளர்த்தி வையுங்கள்.

பரீட்சைக்குப் பணம் கட்டுமுன், வயலின் இல்லாமல் பாடத்தைப் பாடச் சொல்லிப் பாருங்கள். பாடவில்லை என்றால் அந்தத் தவணைப் பரீட்சையை விட்டுவிடுங்கள், அடுத்த முறை எழுதட்டும்.